செவ்வாய்க்குப் போனவனுக்குப் பூக்கேட்டோம்

கொல்லிமலைக்கு விஞ்ஞானக் கதை என்ற சரக்கை முதன்முதலில் கொண்டுவந்து இறக்கியவன் நான்தான். மிளகும் காபியும் அன்னாசியும் எத்தனையோ பேர் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். நானும் சொந்த லாரி வைத்து ஏற்றி இறக்கியவன்தான். ஆனால் இந்த மலைமேல் ராக்கெட்டை இறக்கியவன் என்று இன்னொருவன் முன்னால் வந்து சொல்லட்டும், பார்ப்போம். படிப்பு நாலாம் வகுப்பு. அதற்கு மேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அப்படியிருந்தும் இன்றைக்கு என் வீட்டு இரும்பு அலமாரியில் வேற்றுக் கிரகம், காலத்தில் பின்னால் போகும் வண்டி, மந்திரவாதியின் கோட்டை, பேசும் பருந்து என்று வகைவகையாகப் புத்தகம் அடுக்கியிருக்கிறேன். நாமக்கல்லில் புத்தகக் கண்காட்சி போட்டால் கடைக்காரர்கள் என் தலையைத் தூரத்தில் பார்த்ததுமே, "ஐயா வாங்க, புதுசா ஒரு கிரகம் வந்திருக்குதுங்க" என்று கூப்பிடுகிறார்கள். என் பேத்தி காலேஜில் படிக்கிறாள். அவளுக்கே எந்தக் கதை தேறும், எது தேறாது என்று நான்தான் சொல்கிறேன்.

தேறுமா தேறாதா என்று பார்க்க என்னிடம் ஒரு கணக்கு உண்டு. போகிறவன் எந்த வண்டியில் போனான், வண்டிக்கு எத்தனை பொத்தான் என்பதை எவனும் எழுதிவிடுவான். அவன் போன பிறகு அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா, யார் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எழுதியிருக்கிறானா என்று புரட்டிப் பார்ப்பேன். இல்லையென்றால் புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வயதில் நடந்த ஒரு காரியம் சொல்லித் தந்தது. அதை நான் படித்து முடிக்க ரொம்ப வருடம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் வளப்பூர் நாட்டில் இருக்கிறது. எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. அம்மா பிறந்த வீடும் வாழ வந்த வீடும் ஒரே ஊர்தான், கூப்பிடு தூரம். மலைக்கு ரோடு போட்டு பஸ் ஏறத் தொடங்கி அப்போது கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமன், அடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு லாரியில் கிளீனராக இருந்தார். அங்கே ஒரு பெட்டிக்கடையில் கடலை மடித்துக் கொடுக்க ஆணியில் ஒரு புத்தகம் மாட்டியிருந்ததாம். அட்டையில் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட். எங்கள் அக்கா மகன் எழுத்துக் கூட்டாமல் படிப்பான் என்ற பெருமையில், மாமன் கடைக்காரரிடம் கெஞ்சி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறி வந்தார். நான் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன் என்பது உண்மைதான். ஊரில் அப்படிப் படிக்க நான் ஒருவன்தான் இருந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மிளகு பறிக்கும் பருவம் அது. பறித்த கொத்துகளை ஊர்க்கவுண்டர் வீட்டுக் களத்தில் குவித்து, காலால் மிதித்து மணியைப் பிரிப்பார்கள். ஊர்க்கவுண்டர் என்றால் எங்கள் ஊருக்குப் பெரியவர், நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் செல்லும். மிதிப்பது கால்தானே, காது சும்மாதானே இருக்கிறது? நான் ஒரு திண்டின்மேல் ஏறி நின்று கத்திப் படிக்கத் தொடங்கினேன். முதல் நாள் ஐந்தாறு பேர் கேட்டார்கள். மறுநாள் மிளகே இல்லாதவர்களெல்லாம் மிதிக்க வந்துவிட்டார்கள்.

கதை இதுதான். மெட்ராஸில் ஒரு விஞ்ஞானி. கல்யாணமாகி இரண்டு வருடம். ஒருநாள் ராக்கெட்டில் ஏறிச் செவ்வாய்க்குப் போகிறான். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அங்கே சிவப்பு மண், சிவப்பு வானம், பாறைக்குள் குடியிருக்கும் மனிதர்கள். ஆறு மாதம் கழிந்தும் வண்டி கிளம்ப மறுக்கிறது.

"ஏன் கண்ணு, அந்த ரோட்டுல எத்தனை வளைவு?" என்று ஒரு அத்தை கேட்டாள். பஸ் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவள்.

"ரோடே இல்லீங்க அத்தை. நேரா மேல போவுது."

"வளைவே இல்லையா? அப்ப வாந்தி வராது. நானே போயிட்டு வருவனே!"

செவ்வாயில் மாத்திரையை விழுங்கிப் பசியாறுகிறான் என்று படித்தேன். களத்தில் மிதிப்பதே நின்றுபோனது. சாமைச் சோறு இல்லாத ஊருக்கு மனிதன் எதற்குப் போகவேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் கோபம். அம்மாவைப் பெற்ற அப்புச்சிதான் எங்கள் ஊர்ப் பெரியசாமி கோயிலுக்குப் பூசாரி. அவருக்குக் கதையின் அடித்தளமே பிடிக்கவில்லை.

"செவ்வாய்க்குப் போவ ராக்கெட்டு எதுக்குடா? திங்களன்னிக்குப் பாயை விரிச்சுப் படுத்துத் தூங்குனா, விடிஞ்சா செவ்வாய்தான?"

மிளகு நாலாப் பக்கமும் சிதற ஊர் சிரித்தது. ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்காமல், எழுதியவனின் படத்தைக் காட்டச் சொன்னார். முதல் பக்கத்தில் தடித்த மூக்குக்கண்ணாடியோடு ஒருவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் போயிப் பாத்துட்டு வந்துதான் எழுதியிருக்கான். கண்ணாடியப் பாரு. அந்தச் செவப்பு வெளிச்சத்துல கண்ணு போயிருக்குது," என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு எழுத்தாளரைப் பற்றி ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. பார்க்காததை ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதுவான் என்றால், அவனுக்குப் பெயர் எழுத்தாளன் இல்லை, புளுகன் என்பதுதான் எங்கள் எண்ணம்.

கேள்வி கேட்காமல் கேட்டது என் சின்னம்மா ஒருத்திதான். அம்மாவுக்குத் தங்கை, அப்புச்சிக்குக் கடைசிப் பெண். களத்தின் ஓரத்தில் தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "சாமி, அவன் பொண்டாட்டி பத்தி வருதே, அத மட்டும் இன்னொருக்கா படி" என்பாள். அந்தப் பெண் சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று சிவப்பு நட்சத்திரத்தைப் பார்க்கிறாள் என்று ஒரு அரைப் பக்கம்தான் இருந்தது. சண்டை வரும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டு இதைப் போய்க் கேட்கிறாளே, கதை கேட்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வேன். இருந்தாலும் வறுத்த மொச்சை கொடுப்பாள் என்பதால் படித்துக் காட்டுவேன்.

சின்னம்மாவின் நிலைமையை இங்கே சொல்லிவிட வேண்டும். சித்தப்பா, அதாவது அவள் புருஷன், ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு வடக்கே போனவர். கீழ்நாட்டுச் சமவெளியில் அப்போதுதான் அந்தத் தொழில் சூடுபிடித்திருந்தது. பொங்கலுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனார். முதலில் அந்தப் பக்கம் போய்வந்த லாரிக்காரர்கள் மூலம் ஒன்றிரண்டு சேதி வந்தது. பிறகு அதுவும் நின்றது. பொங்கல் வந்து, அடுத்த பொங்கலும் வந்துவிட்டது. எங்கள் மலையில், புருஷன் போய்ச் சேதியே இல்லை என்றால் பெண்ணை அப்படியே காய விடுவதில்லை. ஊர் கூடி, சாமியிடம் பூக்கேட்டு, வரமாட்டான் என்று உத்தரவானால் வேறொருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். நல்ல வழக்கம்தான். அதற்கு ஆளும் தயாராக இருந்தார். பெரக்கரை நாட்டுக்காரர், மனைவியை இழந்தவர், மிளகும் மரவள்ளியும் நிறைய. வரும்போதெல்லாம் எனக்கு முறுக்குப் பொட்டலம் கொண்டுவருவார். ஆகவே நான் அவர் கட்சி.

சின்னம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், "வருவாருங்க" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புச்சி ஒருநாள் பொறுமை இழந்து, "எப்ப?" என்று கேட்டார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டாள். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பூக்கேட்பது என்று ஊர்க்கவுண்டர் முடிவு செய்துவிட்டார். சாமி கல்லில் ஒட்டிவைக்கும் பூக்களில் இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வரமாட்டான் என்று அர்த்தம், அன்றைக்கே பெரக்கரைக்காரர் வெற்றிலை மாற்றிக்கொள்வார். அவள் வாழ்க்கை ஒரு பூ எந்தப் பக்கம் சரிகிறது என்பதில் நின்றது. எனக்கு நின்றது வேறு இடத்தில். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை!

அதை நான் வாசிப்பின் கடைசி நாளில்தான் கண்டேன். விஞ்ஞானி எப்படியோ வண்டியைச் சரிசெய்துவிடுகிறான். எரிபொருள் கொஞ்சம்தான் இருக்கிறது. பாறைக்குள்ளிருந்து பகைவர்கள் ஓடி வருகிறார்கள். பொத்தானில் கை வைக்கிறான். "அப்போது" என்று ஒரு வார்த்தை, பக்கத்தின் அடியில். அதற்குமேல் ஒன்றுமில்லை. காரவள்ளிக் கடைக்காரர் பின்னாலிருந்து கிழித்துக் கிழித்துக் கடலை மடித்துவிட்டிருக்கிறார். செவ்வாய்க்குப் போனவன் கடலைப் பொட்டலமாக நாலு நாட்டுக்கும் போய்விட்டான்.

களத்தில் அப்போது எழுந்த கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானே அந்தக் கதையை எழுதி, வேண்டுமென்றே நிறுத்தியதுபோல எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். மீதிப் பக்கங்களைக் கேட்டு வாங்கிவர மாமனை அடுத்த பஸ்ஸிலேயே கீழே துரத்தினார்கள். கடைக்காரர் கையை விரித்துவிட்டார். ஊரில் யார் வீட்டில் பொட்டலக் காகிதம் கிடந்தாலும் எடுத்து என்னிடம் கொண்டுவந்து, "இதுல இருக்கானா பாரு கண்ணு" என்று கேட்டார்கள். ஒரு காகிதத்தில் தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. இன்னொன்றில் ஏதோ கோழித்தீவனக் கணக்கு.

அவனுக்கு என்னதான் ஆனது என்பது எனக்கே ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் லாரி வாங்கி நாலு பேர் மதிக்கும் ஆளான பிறகு, சேலத்தில் ஒரு மாடி அறையில் அந்த எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனேன். அதே கண்ணாடி. தலையில் முடி மட்டும் இல்லை.

"நீங்க எத்தனை தடவைங்க மேல போயிட்டு வந்தீங்க?" என்று சும்மா கேட்டேன்.

"ஏற்காட்டுக்கு ஒரு தடவை போனேன். பஸ்ல வாந்தி எடுத்துட்டேன். அதோட மலைப்பக்கமே போறதில்லை," என்றார்.

"செவ்வாய்க்குப் போனவனுக்குக் கடைசில என்னங்க ஆச்சு?"

அவர் நெடுநேரம் மோட்டுவளையைப் பார்த்தார். நிறையப் பேரை நிறையக் கிரகங்களுக்கு அனுப்பியவர், ஒருவனைத் தேடிப் பிடிக்க நேரமாகாதா? பிறகு, "கொன்னுட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பக்கம் பத்தலைங்க. ஒருத்தனை அவ்வளவு தூரத்திலேருந்து பத்திரமாக் கொண்டுவந்து வீட்டு வாசல்ல இறக்கணும்னா முப்பது பக்கமாவது வேணும். பதிப்பாளர் பத்துப் பக்கத்துல முடிங்கன்னுட்டார். கொல்றதுன்னா ரெண்டு பக்கம் போதும்."

நானும் வண்டி ஓட்டியவன்தான். ஏற்றுவதைவிட இறக்குவதுதான் கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு ஆறவில்லை. "எங்க ஊர்ல நாங்க வேற மாதிரி முடிச்சுக்கிட்டோமுங்க" என்று நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் காபியைத் தொடவே இல்லை. அவருக்குச் சொன்னதைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

முடிவு கிடைக்காததால் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வருவான் கட்சி, வரமாட்டான் கட்சி. எரிபொருள் பற்றாது என்பது வரமாட்டான் கட்சியின் வாதம். இறக்கத்தில் எரிபொருள் எதற்கு, எஞ்சினை அணைத்துவிட்டுக் காரவள்ளி வரைக்கும் லாரி தானாக இறங்கவில்லையா என்று மாமன் வருவான் கட்சிக்குப் பேசினார். செவ்வாய் மேலே இருக்கிறது, பூமி கீழே இருக்கிறது, மறுக்க முடியுமா? அப்புச்சி வரமாட்டான் கட்சிக்குத் தலைவர். "வரோணுமுன்னு நெனைக்கறவன் இந்நேரம் வந்திருப்பான்" என்பார். புருஷன் ஒரு கட்சி, பெண்டாட்டி ஒரு கட்சி என்றாகி, ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பெரியவில்லை. நானோ இரண்டு கட்சிக்கும் நடுவில் ராஜா. புத்தகம் என் கையில் அல்லவா இருக்கிறது!

இந்த அமளி அடங்குவதற்குள் பூக்கேட்கும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. காலையில் பெரியசாமி கோயில் முன்னால் ஊரே கூடியது. கோயில் என்றால் கோபுரம் ஒன்றும் இல்லை. மரத்தடியில் நட்ட கல், சுற்றி வேல். பெரக்கரைக்காரர் வெளுத்த வேட்டியில் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். எனக்கு முறுக்குப் பொட்டலம் வந்து சேர்ந்தது. அப்புச்சி குளித்து, ஈரத் துணியோடு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

காத்திருந்த நேரத்தில் யாரோ எரிபொருள் பேச்சை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், சாமி முன்னாலேயே இரண்டு கட்சியும் மோதிக்கொண்டது. ஊர்க்கவுண்டர் கோலைத் தட்டி, "அட நிறுத்துங்கப்பா! வந்த காரியம் என்ன, பேசற பேச்சு என்ன?" என்று கத்தினார். அந்த அமைதியில்தான் சின்னம்மா அவரைப் பார்த்து வாய் திறந்தாள்.

"ஏனுங் பெரிப்பா, ஒண்ணு சொல்லட்டுங்களா? என்ற காரியம் செத்த நேரம் கெடக்கட்டுமுங்க. ஊரே அடிச்சுக்குது. மொதல்ல அந்த ராக்கெட்டுக்காரனுக்குப் பூக்கேட்டு, இந்தச் சண்டைய முடிச்சு வையுங்க."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கதைக்குப் பூ! சாமியே முடிவு சொல்லப்போகிறது!

"பெரியசாமி என்ன வெளையாட்டுக்கா இருக்குது?" என்று அப்புச்சி திரும்பினார். "பூக்கேக்கறதுன்னா பேரு, ஊரு, நாடு சொல்லோணும். செவ்வாய் எந்த நாட்டுல சேர்ந்தது, சொல்லு?"

"பெரக்கரையில சேர்த்திருங்க. அங்கதான் மண்ணு செவப்பு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரக்கரைக்காரரே சிரித்துவிட்டார்.

"போன எடம் எதுக்குங்க?" என்றாள் சின்னம்மா. "பொண்டாட்டி இருக்கற ஊடுதான் அவனுக்கு ஊடு. அவ கேக்கறாப்பல கேளுங்க. பேரும் வேண்டாம். புருசன் பேர எந்தப் பொண்டாட்டி வாயில சொல்லுவா?"

"அவன் பொண்டாட்டி இங்க இல்லியே?"

"அவளுக்குப் பதிலா நான் நிக்கறனுங்க."

ஊர்க்கவுண்டர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நான் பொறுக்கமாட்டாமல், "கேளுங்க அப்புச்சி, கேளுங்க!" என்று குதித்தேன். ஊர்க்கவுண்டர் மெதுவாக, "பையனும் ஆசைப்படறான். கேளுங்க பூசாரி. அவ சொன்னாப்பலயே கேளுங்க," என்றார்.

கல்லின் உச்சியில் ஈரம் தொட்டு, வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ ஒட்டி வைத்தார் அப்புச்சி. வலப்பக்கம் விழுந்தால் நடக்கும். இடப்பக்கம் விழுந்தால் நடக்காது. ஒரு காரியத்துக்கு வருடத்தில் ஒருமுறைதான் கேட்கலாம். கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு உரக்கச் சொன்னார்.

"சாமீ! கண்ணுக்கு எட்டாத தூரம் போன ஊட்டுக்காரன். போயிச் சேதி இல்ல. சொன்ன கெடு தாண்டிப் போச்சு. பொண்டாட்டிக்காரி வாசலப் பாத்துக்கிட்டு..."

அந்த இடத்தில் நிறுத்தி, கற்பூரப் புகை பட்டதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருமிவிட்டு, "வாசலப் பாத்துக்கிட்டு நிக்கறா. திரும்பி வருவானா? வருவான்னா வலப்பக்கம் குடு. மாட்டான்னா எடப்பக்கம் குடு" என்று முடித்தார்.

எனக்கு ஒரே பெருமை. வரமாட்டான் கட்சித் தலைவரையே என் வாசிப்பு இப்படி உருக்கிவிட்டதே!

பூ அசையவில்லை. கற்பூரம் எரிந்து அடங்கியது. மாமன் நகத்தைக் கடித்தார். இடப்பக்கத்துப் பூ மெல்ல ஒரு விரற்கடை கீழே சரிந்தது. கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். அம்மா கையிலிருந்த தேங்காயை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சரிந்த பூ ஒரு மேட்டில் தங்கி நின்றுவிட்டது. அதையே எல்லோரும் வெறித்துக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்காத வலப்பக்கத்திலிருந்து மற்றது பொத்தென்று விழுந்தது.

"வந்துட்டான்! வந்துட்டான்!" என்று நான் போட்ட சத்தத்தில் மரத்துப் பறவையெல்லாம் பறந்தது. மாமன் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். "எரிபொருள் பத்தும்னு நான் அப்பவே சொன்னேன்ல!" என்று தலைகீழாகத் தொங்கியபடி நான் கத்தினேன். அம்மா சின்னம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதாள். வரமாட்டான் கட்சிப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். தோற்ற கட்சி அழுவது நியாயந்தான், வென்ற கட்சி எதற்கு அழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஊர்க்கவுண்டர் கோலை ஊன்றி எழுந்தார். "கண்ணுக்கெட்டாத தூரம் போன ஊட்டுக்காரன் வருவானான்னு சாமிகிட்டக் கேட்டாச்சு. வருவான்னு சாமி சொல்லியாச்சு. இந்த வருசத்துக்கு அந்தக் கேள்வி முடிஞ்சுது. இன்னொருக்கா யாரும் கேக்கக்கூடாது."

"அப்ப நம்ம காரியம்?" என்று பெரக்கரைக்காரருடன் வந்த ஒருவர் இழுத்தார். பெரக்கரைக்காரர் அவர் தோளில் கை வைத்து அடக்கினார். "அதத்தாம்ப்பா இப்பக் கேட்டாங்க" என்று சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தலையைத் தடவிவிட்டு நடந்தார். இருந்து மீதிக் கதையைப் பேசாமல் இவர் ஏன் இத்தனை அவசரமாகப் போகிறார் என்று நினைத்தேன்.

அம்மா பிற்காலத்தில் ஒருநாள், அந்த நாளை நினைத்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அவ எம்புட்டுக் கெட்டிக்காரி தெரியுமா? எடப்பக்கம் உளுந்திருந்தா, அது கதைக்காரனுக்குக் கேட்டதுதானுங்களேன்னு சொல்லித் தப்பிச்சிருப்பா. வலப்பக்கம் உளுந்துச்சு, தனக்குன்னு எடுத்துக்கிட்டா." எத்தனையோ விஞ்ஞானக் கதை படித்துவிட்டேன். அதற்கு நிகரான சூழ்ச்சியை ஒரு எழுத்தாளனும் இதுவரை எழுதவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே சின்னம்மா மாமனைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள். அதுவரை மலையை விட்டு இறங்காதவள். கிணறு போடும் லாரி முதலாளியின் ஆபீஸைத் தேடிப் பிடித்து, அதன் வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். "எங்க சாமி வருவாருன்னு சொல்லிருச்சுங்க. நீங்க ஆளைக் காட்டுங்க, நான் கூட்டிட்டுப் போயிக்கறேன்" என்பதுதான் அவள் பேச்சு. அவள் தொந்தரவு தாங்காமல் வடக்கே போகும் லாரியில் மாமனை ஏற்றி அனுப்பினார்கள். சின்னம்மா மலையேறாமல் கீழேயே காத்திருந்தாள். எங்கேயோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில், கால்மேல் குழாய் விழுந்து, பாஷை தெரியாமல், இந்தக் காலோடு ஊருக்கு எப்படிப் போவது என்ற வெட்கத்தில் சித்தப்பா கிடந்திருக்கிறார்.

பலா பழுக்கும் நேரத்தில் ஒரு சாயங்காலம் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். சேதி முன்பே வந்துவிட்டதால் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு கட்சியும் மேளத்தோடு நின்றது. மாமன் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துச் சித்தப்பா படியிறங்கினார். பின்னாலேயே துணி மூட்டையோடு சின்னம்மா. அப்புச்சி ஓடிப்போய் மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தால் அழுதுவிடுவார்போல இருந்தது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

"வாங்க செவ்வாய்க்காரரே! அங்க மண்ணு செவப்புங்களா?"

கதை எதுவும் அறியாத சித்தப்பா திகைத்துப் பார்த்தார். பிறகு மாமனார் கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னார்.

"ஆமாங்க மாமா, நல்ல செவப்பு. எத்தனை அடி துளை போட்டாலும் பொட்டுத் தண்ணி இல்லீங்க."

ஊர் வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. "மாத்திரைதான் தின்னீங்களா?" என்று ஒரு அத்தை கேட்க, ஆஸ்பத்திரியை நினைத்து அவர், "ஆமாங்க, மூணு வேளையும்" என்றார். சிரிப்பு அடங்கவே இல்லை. அன்றிலிருந்து சாகும்வரை அவருக்குச் செவ்வாய்க்காரர் என்றே பெயர் நின்றுவிட்டது.

எனக்கோ தாங்க முடியாத எரிச்சல். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராகத் திருத்தினேன். அவன் மெட்ராஸ்காரன், இவர் நம்ம ஊர்க்காரர். அவன் போனது ராக்கெட்டு, இவர் போனது லாரி. பூக்கேட்டது அவனுக்கு, வந்திருப்பது இவர், அவன் இன்னும் வரவே இல்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் சின்னம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து அவளிடமே முறையிட்டேன். "ஆமா சாமி, நீ சொல்றதுதான் சரி" என்று என் கன்னத்தைத் தொட்டாள். சொல்லிவிட்டு அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் போய்விட்டாள். இத்தனை நாள் கத்திக் கத்திப் படித்தும், கதை வேறு, நிஜம் வேறு என்பது இந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லையே என்ற கோபத்தில் நான் அன்றைக்கு விருந்துச் சோறு உண்ணவில்லை.